குழாய் வழியே ஓடும் சாதி: புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புதுக்கோட்டை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



வேங்கைவயல் என்றதும், குடிநீர்த் தொட்டிக்குள் மலத்தைப் போட்டது யார் என்ற கேள்விதான் எவருக்கும் முதலில் எழுகிறது. 2022 டிசம்பர் 26 அன்று, முத்துக்காடு ஊராட்சிக்கு உட்பட்ட அந்தச் சிற்றூரில், பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குக் குடிநீர் தந்துவந்த 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்குள் மலம் கிடப்பது தெரியவந்தது. அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் நோய்வாய்ப்பட்டிருந்தார்கள். 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடி வசம் போனது. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையத்தை அமைத்தது. மரபணுப் பரிசோதனைகள் நடந்தன. கடைசியில், 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றம் சாட்டியது. வேங்கைவயல் மக்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன. குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு. தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். அந்தக் கேள்விக்குள் இந்த மடல் போகவில்லை. நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத இன்னொரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை தர வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லோரும் எப்படி ஒரே சாதியினராக இருந்தார்கள் என்பதே அந்தக் கேள்வி. மலத்தைப் போட்டது யாராகவும் இருக்கட்டும், நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். அது ஒரு சாதியின் தொண்டைக்குள் மட்டும் இறங்கியதற்குக் காரணம், அந்தத் தொட்டியின் குழாய் ஒரு சாதியின் வீடுகளுக்கு மட்டும் போனதுதான். ஊருக்கெல்லாம் பொதுவான தொட்டியாக இருந்திருந்தால், அதைக் கெடுக்க நினைத்தவர் ஊர் முழுவதையும் பகைத்துக்கொள்ளத் துணிந்திருக்க வேண்டும். மறுநாள் புகார் கொடுக்க ஊரே திரண்டிருக்கும். சாட்சி சொல்லவும் ஊரே நின்றிருக்கும். தனித்தொட்டி அந்தக் காப்பைப் பறித்தது. இன்ன தொட்டியில் இன்னார்தான் குடிக்கிறார்கள் என்பதை ஊருக்கெல்லாம் அறிவித்தபடி அது நின்றது. குற்றப்பத்திரிகை சரியென்று தீர்ப்பானாலும் தவறென்று தீர்ப்பானாலும் இந்த உண்மை மாறாது. அந்தத் தொட்டியைக் கட்டியது எந்தத் தனிமனிதரும் இல்லை. அரசுப் பணத்தில், அரசு மதிப்பீட்டின்படி எழுந்த கட்டுமானம் அது.

இந்த மாவட்டத்தில் தீண்டாமையைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனை தேவைப்படவில்லை என்பதை உங்கள் நாற்காலியில் முன்பு இருந்தவரே காட்டியிருக்கிறார். செய்தி வெளியானதும் அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் நேரில் போனார்கள். தொட்டியைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில், பக்கத்து இறையூர் டீக்கடையில் தனி டம்ளர் இருப்பதும், அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் விடப்படுவதில்லை என்பதும் வெளியே வந்தன. அன்றைக்கே ஆட்சியர் அந்த மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். டீக்கடை தொடர்பாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது. சில மணி நேர விசாரிப்பில் இவ்வளவு தெரிந்தது. அப்படியானால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்த அதிகாரியும் அந்த மக்களிடம் இதைக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் டம்ளர் கண்ணில் படும் என்றால், அடுத்த ஊரின் டம்ளர் தெரியவர இன்னொரு கொடுமை நடந்தாக வேண்டும். அப்படி ஒரு நிர்வாகத்தை நாம் ஏற்க முடியாது.

என் கோரிக்கை இதுதான். மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் குடியிருப்பு வாரியாக, தண்ணீர், மயானம், கோயில், கடை ஆகியவற்றில் சாதிப் பிரிவு எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்து, அந்தப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வையுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17வது பிரிவு இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையால் மக்கள் தடைகளுக்கு உள்ளாகும் பகுதிகளை அடையாளம் கண்டு அவற்றை நீக்குவது மாநில அரசின் கடமை என்று 15ஏ பிரிவில் சொல்கிறது. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, உங்கள் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அந்தக் கூட்டங்களில் பேசப்பட்டது என்ன, முடிவானது என்ன என்பதைச் சம்பந்தப்பட்ட தெருக்கள் தெரிந்துகொள்வது நியாயம்தானே?

கணக்கெடுப்பு என்றால், "தீண்டாமை உள்ளதா? இல்லை" என்று ஊராட்சிச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கும் படிவமாக அது சுருங்கிவிடக் கூடாது. தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்க வேண்டியதைப் பாருங்கள். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, எந்த ஆண்டு கட்டியது, அதிலிருந்து இறங்கும் குழாய் எந்தெந்தத் தெரு வழியாகப் போய் எங்கே நின்றுவிடுகிறது? கேட் வால்வு எந்தத் தெருவில் இருக்கிறது? அதைத் திறந்து மூடும் டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருவுக்கு முதலில் விடுகிறார், எத்தனை நிமிடம் விடுகிறார்? கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றினால், மோட்டார் காயில் எரிந்தால், பக்கத்துத் தெருவின் தொட்டியிலிருந்து தண்ணீர் வர வழி இருக்கிறதா? இந்த விடைகளை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், ஊரின் சாதி எல்லை குழாயின் கடைசி மூடியில் தெரியும். டீக்கடையிலும் அப்படித்தான். பேப்பர் கப் வந்துவிட்டதால் தனி டம்ளர் ஒழிந்தது என்று எழுதிவிட முடியாது. பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பவர் யார், வெளியே நின்று குடிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பாக, தனித்தொட்டிகள் சாதிக்காகக் கட்டப்பட்டவை அல்ல, குடியிருப்பு தள்ளி இருப்பதால் கட்டப்பட்டவை என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. தூரமும் மேடு பள்ளமும் தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே தொட்டியால் எல்லாத் தெருக்களுக்கும் சீராக விட முடியாத ஊர்கள் உண்டு. ஆனால் குடியிருப்பு தள்ளிப் போனதே சாதியால்தான் என்பதை மறந்துவிட்டு, தூரத்தை இயற்கை போலப் பேசக் கூடாது. பொறியியல் காரணம் உண்மையானால், பொறியியல் தீர்வும் உண்டு. இரண்டு தொட்டிகளின் பகிர்மானக் குழாய்களையும் இணைத்து நடுவே ஒரு வால்வு வைத்தால், எந்தத் தொட்டியின் நீரும் எந்தத் தெருவுக்கும் போக முடியும். ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கம் கைகொடுக்கும். செலவையும் தூரத்தையும் காட்டி மறுக்க முடியாத ஊர்களில்கூட இந்த இணைப்பை ஊர் எதிர்க்குமானால், தொட்டி தனியாக இருப்பதற்கான உண்மைக் காரணம் அந்த எதிர்ப்பிலேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது மறுப்பு அமைதியைப் பற்றியது. ஊர்ப் பெயரைப் பட்டியலில் போட்டால் ஆத்திரம் வரும், மோதல் வெடிக்கும், அந்த மக்களுக்கே ஆபத்து என்பார்கள். இந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2025 மே மாதம் இதே மாவட்டத்தின் வடகாட்டில் கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த மோதலையும், பட்டியல் சாதியினரின் குடியிருப்பில் ஏற்பட்ட சேதத்தையும் எல்லோரும் அறிவோம். ஆனால் வடகாடு எந்தப் பட்டியலிலும் பெயர் வந்ததால் எரியவில்லை. பேசாமல் விடப்பட்ட பகைதான் அங்கே பற்றியது. மௌனம் அமைதியைக் காக்கும் என்பதற்கு நம் மாநிலத்தில் சான்று இல்லை. எதிர்மாறான சான்று இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்க முடியாமல் இருந்தது. அந்த ஊர்களின் பெயர்கள் நாடெங்கும் பேசப்பட்டன. 2006இல் அன்றைய ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர்ப் பெரியவர்களோடு திரும்பத் திரும்பப் பேசி, அரசின் உறுதியையும் புரியவைத்து, தேர்தலை நடத்திக் காட்டினார். உத்தப்புரத்தில் பட்டியல் சாதியினருக்கு எதிராகத் தெருவை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டதும், அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசப்பட்ட பிறகுதான்.

வெளிப்படையான பட்டியல் என்ன செய்யும் என்பதற்குத் தொலைவிலுள்ள கனடா ஓர் எடுத்துக்காட்டு. வளம் கொழிக்கும் அந்த நாட்டில், பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள் பலவற்றில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஒன்டாரியோவின் நெஸ்கன்டகாவில் அது 1995இல் தொடங்கியது. 2015 நவம்பரில் இப்படி 105 நீண்டகால எச்சரிக்கைகள் இருந்தன. 2021 மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் நீக்கிவிடுவோம் என்று அரசு வாக்களித்தது. அந்தக் கெடு தவறியது. ஆனால் எந்தக் குடியிருப்பில் எப்போதிலிருந்து எச்சரிக்கை இருக்கிறது என்ற பட்டியலை அரசே வெளியிட்டுப் புதுப்பித்து வந்ததால், தவறியதை யாராலும் மறைக்க முடியவில்லை. பெரும்பாலான எச்சரிக்கைகள் நீக்கப்பட்டதற்கும், மிச்சத்துக்காக மக்கள் நீதிமன்றம் போய் இழப்பீடும் உறுதிமொழியும் பெற்றதற்கும் அந்த எண்கள் துணைநின்றன. அங்கே இன்னும் நீதி முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. என்றாலும் எத்தனை இடத்தில் அநீதி மிச்சம் என்று கேட்டால் அங்கே ஓர் எண் கிடைக்கிறது. புதுக்கோட்டையில் சாதியால் பிரிந்த தொட்டிகள் எத்தனை, மயானங்கள் எத்தனை என்று கேட்கும் குடிமகனின் கையில் அப்படி ஓர் எண் இருக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது மறுப்பு, மனம் மாறாமல் அரசு ஆணையால் என்ன ஆகிவிடும் என்பது. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நம் மாவட்டத்தைவிடத் தகுதியான இடம் குறைவு. மாணவர்களின் பெற்றோர்கள் காட்டிய எதிர்ப்பை மீறி முத்துலட்சுமி என்ற பெண்ணை ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்க்க அனுமதி தந்தது புதுக்கோட்டை மன்னரின் முடிவு. பின்னாளில் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அப்படித்தான் உருவானார். 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய ஊர்களில் லட்சம் பெண்களுக்குமேல் ஓட்டினார்கள். அவர்களுக்கு எதிராகவும் அன்று பழக்கம், மானம், ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் பேசப்பட்டன. நிர்வாகம் ஒரு பக்கம் உறுதியாக நின்றதும், தொண்டர்கள் தெருத்தெருவாகப் போனதும் சேர்ந்து சில ஆண்டுகளில் அந்தப் பேச்சை அடக்கின. இறையூர்க் கோயில் நுழைவும் அந்த வரிசையில் வர வேண்டியதே. ஆனால் ஒரு நாள் நுழைவு வழக்கமாக மாற, ஆட்சியரின் கார் போன பிறகும் யாராவது திரும்பிவந்து பார்க்க வேண்டும். அந்தப் பார்வையைப் பதிவேட்டில் நிலைநிறுத்துவதுதான் நான் கேட்கும் கணக்கெடுப்பு.

இது ஒரு சாதிக்கு எதிரான கணக்கு என்று சிலர் நினைக்கலாம். மற்ற சாதித் தெருக்களில் வாழ்பவர்களிலும் பெரும்பாலோர் மழையை நம்பிய சிறு விவசாயிகள், கூலிக்குப் போகிறவர்கள். அவர்களும் கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள்தாம். சின்னச் சின்னத் தொட்டிகளாகப் பிரித்துப் பராமரிக்க முடியாமல் விடும் ஊராட்சியில் அவர்களுக்கும் நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை. அவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், பொதுவான ஒரு நல்ல தொட்டியின் பங்காளிகளாக அழைக்க நிர்வாகத்தால் முடியும். அப்படி அழைத்தும், பொதுக் குழாயை மறிப்பவர்கள் இருந்தால், அங்கே சட்டம் பேசட்டும்.

ஐயா அல்லது அம்மையார் என்று உங்களை எப்படி அழைத்தாலும், இந்தப் பொறுப்பு பதவியோடு வருவது. ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். குடியிருப்பு வாரியான கணக்கெடுப்புக்கு உத்தரவிடுங்கள். இனி அரசுப் பணத்தில் கட்டும் எந்தத் தொட்டியும் ஒரு சாதித் தெருவோடு முடியாதபடி ஆணையிட்டு, இருக்கும் தொட்டிகளின் குழாய்களை இணைக்கக் காலக்கெடு சொல்லுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடும் கிராம சபைகளில், அந்தந்த ஊரின் கணக்கை, குடியிருப்பு மக்களின் முன்னால் வாசிக்கச் செய்யுங்கள். வேங்கைவயல் வழக்கின் தீர்ப்பை நீதிமன்றம் எழுதும். அடுத்த வேங்கைவயல் நேராமல் தடுக்கும் அதிகாரம் இன்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டக் குடிமக்களில் ஒருவர்