யார் பூசிய கலர்?



தூத்துக்குடியில் நான் பாடம் நடத்திய காலத்தில், ஒரு மாணவன் சிப்பி ஓட்டைக் காட்டி, "இதுக்குள்ளே யார் சார் கலர் பூசினது?" என்று கேட்டான். "பாடத்தைக் கவனி" என்று அதட்டிவிட்டேன். தவறு என்னுடையதுதான்.

அதே கேள்வியை 1930களில் சர் சி.வி.ராமன் ஆராய்ந்திருக்கிறார்! யாரும் பூசவில்லை. சிப்பியின் உள்பக்கம், தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றுசேரும்போது சில நிறங்கள் வலுக்கும், சில மங்கும். முத்து மின்னுவதும் இப்படித்தான்.

முத்துச்சிப்பிகள் குறைந்ததால், 1961க்குப் பின் அங்கு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 'நாமே முத்து விளைவிக்கலாமா?' என்று கேட்டார்கள் சிலர். 1973இல் தூத்துக்குடியிலேயே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி கே.அழகர்சாமி குழுவினர், சிப்பிக்குள் சிறு மணியை வைத்து உருண்டை முத்தை வளர்த்தே காட்டினர்.

அந்த மாணவனுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். இதைப் படித்தால், தாமதமான பதிலாக ஏற்றுக்கொள்ளட்டும்.