மெஷின் உங்கட, கழுவுறது ஆர்?

எஸ்பிரசோ மெஷின் இப்போது யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இருக்கிறது. வெளிநாட்டில இருந்து வந்த மாமா கொண்டுவந்ததோ, சம்பளத்தில சேர்த்து வாங்கினதோ, அது எங்கள் பிரச்சினை இல்லை. நல்ல கோப்பிக்கு நாங்கள் எதிரிகளும் இல்லை. எங்கட கேள்வி ஒண்டுதான்: அதைக் கழுவுறது ஆர்?

"நான்தான் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா டீஸ்கேல் பண்ணுறன்" என்று உடனே பதில் வரும். சொல்வது அநேகமாக அண்ணாமார். சரி, அந்த வேலையையே முதலில் பார்ப்போம்.

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் கல்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. அப்படிக் கரைந்த கல்சியம் இருகாபனேற்று, சூடானதும் கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது. (கலைப்பீடம் எண்டு சிரிக்காதேங்கோ, சாதாரண தர விஞ்ஞானம் எங்களுக்கும் ஞாபகம் இருக்கு.) கேத்தலுக்குள்ள வெள்ளையாப் பிடிக்கிறதும் இதுதான். கேத்தலில் கண்ணுக்குத் தெரியும். மெஷினில் தெரியாது, ஒடுங்கின குழாய்களுக்குள் இருந்து சூடு தண்ணீருக்குப் போவதைத் தடுக்கும், கடைசியில் வழியையே அடைக்கும். சித்திரிக் அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும்.

ஆக, அந்த 'டெக்னிக்கல்' வேலை என்ன? தூளைத் தண்ணியில கரைச்சுத் தாங்கிக்குள்ள விடுறது, கையேட்டில சொன்னபடி ஓடவிடுறது, பிறகு நல்ல தண்ணி ஓடவிட்டு அலசுறது. மெஷின் செய்யும், ஆள் போனோட பக்கத்தில நிக்கும். கேத்தலுக்குள் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைக்கிற அம்மாமார் அதற்கு ஒரு பெயரும் வைத்ததில்லை, வீடியோவும் எடுத்ததில்லை. (அதுக்காக மெஷினுக்குள்ள தேசிக்காய் விடாதேங்கோ. சதை போய்க் குழாயை அடைக்கும்.)

மற்ற ஊத்தைக்கும் டீஸ்கேலுக்கும் சம்பந்தமே இல்லை. கோப்பியில் எண்ணெய் இருக்கிறது. அது வடியிலும், தண்ணீர் இறங்குகிற சல்லடைத் தட்டிலும் ஒட்டிக் காறிப்போகும். சுண்ணாம்பைக் கரைக்கிற அமிலம் எண்ணெயைக் கழட்டாது. அதுக்கு வேற தூள், நல்ல தேய்ப்பு. நீராவிக் குழாயில் பட்ட பாலை அந்த நிமிசமே துடைத்து, ஒருதரம் நீராவியையும் திறந்துவிட வேண்டும். காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டும், உள்ளே இழுபட்ட பால் அங்கேயே பழுதாகும். கீழ்த்தட்டில் தேங்கிற தண்ணியை ஒவ்வொரு நாளும் ஊத்தாட்டி எங்கட வெக்கைக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

டீஸ்கேல் பண்ணச் சொல்லிக் கன மெஷின்களில் லைட் எரியும். பால் காய்ந்தால் ஒரு லைட்டும் எரியாது. அதைக் காண்கிறது குசினிக்குள் நிற்கிற அம்மாவோ தங்கச்சியோதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற வேலை அண்ணாவின் திறமையாகிறது, ஒவ்வொரு நாளும் வருகிற வேலை 'வீட்டு வேலை' ஆகிறது. இந்தப் பங்குபிரிப்பை மெஷின் செய்யவில்லை, நாங்கள்தான் செய்கிறோம்.

"அம்மாவை ஆரும் கேக்கேல்லை, அவவாத்தான் செய்யிறா" என்பார்கள். ஏன் செய்கிறா? ஊத்தைத் தட்டு குசினியில் கிடந்தால் வாற சனம் அண்ணாவையா குறை சொல்லும்? இவ்வளவுக்கும் அவ அந்தக் கோப்பியைக் குடிப்பதே இல்லை. அவவுக்குப் பால் தேத்தண்ணிதான்.

பால் நுரையில இலை கீறி ஸ்டோரி போடுற கைக்கு நீராவிக் குழாயைத் துடைக்கிறதும் தெரியவேணும். துணி ஒண்டை மெஷினுக்குப் பக்கத்திலயே கொழுவுங்கோ. சக்கையைச் சிங்கில கொட்டாமல் வளவுக்குள்ள கொண்டுபோய்க் கொட்டுங்கோ. கீழ்த்தட்டை நீங்களே ஊத்திக் கழுவுங்கோ, இண்டைக்கு இரவே.