தாவீதுக்கு முன்னால் நிற்பது யார்?

தாவூத் நபி ஜாலூத்தை வென்ற கதையை நாங்க எல்லாரும் சின்ன வயசிலேயே குர்ஆன் மதரசாவில் கேட்டிருக்கிறம். கிறிஸ்தவர்களுக்கு அது தாவீது, கோலியாத் கதை. இத்தாலியில் அந்தத் தாவீதைச் செதுக்கின ரெண்டு சிலைகளைப் பற்றி எழுதுவம் என்றதும் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். "நபிமாருக்கு உருவம் வைக்கிறதே நமக்குக் கூடாது, இதில விமர்சனம் வேறயா?" நியாயமான கேள்விதான். இதுதான் நபியின் முகம் என்று நாங்க சொல்ல வரல்ல. ஒரே கதையை ரெண்டு காலம் எப்படி விளங்கிக்கொண்டது என்று பார்க்கிறம், அவ்வளவுதான்.

புளோரன்ஸில் இருப்பது மைக்கல் ஆஞ்சலோ 1501 இல் தொடங்கி 1504 இல் முடித்த சிலை. அவருக்கு முந்தின டொனடெல்லோவும் வெரோக்கியோவும் வெட்டுண்ட தலையைத் தாவீதின் காலடியில் வைத்து வெற்றியைக் காட்டினார்கள். மைக்கல் ஆஞ்சலோ அந்தத் தலையையே எடுத்துவிட்டார். கவண் தோளில் கிடக்கிறது. உடம்பு ஆறுதலாக நிற்கிறது. ஆனால் புருவம் சுருங்கி, வலக்கையில் நரம்பு புடைத்திருக்கிறது. சண்டைக்கு முந்தின யோசனை அது. மனிதனின் நிதானத்தை நம்பின மறுமலர்ச்சிக் காலத்துக்கு அதுவே போதும்.

ரோமில் பெர்னினி 1623–24 இல், 25 வயதளவில் செதுக்கியது வேறு கதை. உதட்டைக் கடித்து, இடுப்பை முறுக்கி, கவணை இழுத்துப் பிடித்திருக்கிறார் தாவீது. கழற்றிப் போட்ட கவசம் காலடியில். அடுத்த நொடி கல் பறக்கும். பரோக் கலை பார்க்கிற ஆளையும் உள்ளே இழுத்துவிடும். இந்தச் சிலையில் கோலியாத் இல்லை. முன்னால் போய் நின்றால், நாம் நிற்கிற இடம்தான் கோலியாத்தின் இடம்.

எங்கட வாக்கு பெர்னினிக்குத்தான். மைக்கல் ஆஞ்சலோவின் சிலை 5.17 மீற்றர், கிட்டத்தட்ட 17 அடி. பைபிள் கணக்கில் கோலியாத்தே பத்து அடிக்குள்தான். பேராலயத்தின் உயரத்தில் வைக்க நினைத்த சிலை என்பது உண்மை. ஆனால் கடைசியில் வைத்தது அரசாங்க மாளிகை வாசலில். 1494 இல் மெடிச்சி குடும்பத்தை விரட்டின புளோரன்ஸ், பெரிய எதிரிகளுக்கு நடுவே தன்னைத் தாவீதாகப் பார்த்தது. அதே வருடங்களில், பிரிந்துபோன பீசா நகரத்தை மறுபடி அடக்கப் படையும் அனுப்பிக்கொண்டிருந்தது. பீசாக்காரரிடம் கேட்டால் யார் கோலியாத்?

இது நமக்குத் தெரியாத கதையா என்ன? நாட்டுக்குள்ள நாம் சிறுபான்மை, அதனால நாம தாவூத் நபியின் பக்கம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்கிற தமிழ் ஆக்களும், தனி உள்ளூராட்சி சபை கேட்ட சாய்ந்தமருது ஆக்களும் தங்களை அப்படித்தான் பார்க்கிறாங்க. யார்ட கோரிக்கை சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்க இதை எழுதல்ல. ஆனால் மேடைக்கு மேடை எல்லாரும் தாவீதாகவே நிற்கிறம். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தவங்க குறைவு.

பெர்னினியின் தாவீது 170 சென்ரிமீற்றர்தான், நம்மட உயரம். அதனாலதான் அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கிறது.