நீதிபதி பார்க்காத அபராதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய இ-சலான் பாக்கி வசூல் என்ற பெயரில் நடக்கும் அடாவடியில் சென்ற வாரம் நானும் சிக்கினேன். என் ஸ்கூட்டரை விற்று, வாங்கியவர் பெயருக்கு மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தோம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. கணினியைத் தட்டிய ஊழியர், “2022 நவம்பர்ல ஹெல்மெட் கேஸ் ஒண்ணு நிக்குது சார். 1,000 ரூபாய் கட்டிட்டு வாங்க” என்றார். எந்த இடத்தில், எந்தக் கேமராவில்? “அதெல்லாம் சிஸ்டத்துல இல்ல.” படத்தையாவது காட்டுங்கள் என்றேன். படம் திறக்கவில்லை. அன்றுவரை ஒரு நோட்டீஸோ குறுஞ்செய்தியோ எனக்கு வந்ததில்லை. “ஆயிரம் ரூபாய்க்குப் போயி இவ்வளவு சட்டம் பேசுறீங்களே” என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஒரு சிரிப்பு வேறு. வண்டி வாங்க வந்தவர் என்னை ஏதோ திருட்டு வண்டி விற்பவனைப் போலப் பார்த்தார்.

சட்டம்தான் பேசுவேன். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றம் என்றால், அதை 6 மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆவது பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. சட்டத்தின் பெயர் வாயில் நுழையாமல் போனதே தவிர, கெடு மாறவில்லை. என் சலானோ எந்த நீதிமன்றத்தின் படியும் ஏறாமல் கணினிக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

சலான் என்பது அபராதமே அல்ல என்பதையும் யாராவது அந்த அலுவலகத்துக்குச் சொன்னால் நல்லது. வழக்கு வேண்டாம், இங்கேயே கட்டி முடித்துக்கொள்கிறேன் என்று நாம் சம்மதித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு. சம்மதிக்காவிட்டால் வழக்குப் போட்டு நிரூபிப்பது அவர்கள் பாடு. கழுத்தைப் பிடித்து வாங்குவதற்குச் சம்மதம் என்றா பெயர்? இதில் வேடிக்கை என்னவென்றால், நீதிபதி விசாரித்து விதித்த அபராதத்தை வசூலிக்கவே சட்டம் பொதுவாக 6 ஆண்டுதான் கெடு வைத்திருக்கிறது. எந்த நீதிபதியும் கண்ணால் பார்க்காத என் சலானுக்கு மட்டும் சாகாவரம்!

ஹெல்மெட் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். அன்று போட்டிருந்தேனா இல்லையா என்று இன்று எதை வைத்துச் சொல்வது? படமே திறக்கவில்லையே. இந்த மாதிரி நிலைமை வரக்கூடாது என்றுதான் காலவரம்பையே வைத்தார்கள். பாக்கி இருந்தால் விண்ணப்பத்தை நிறுத்த விதியில் இடமிருக்கிறது என்பார்கள் அதிகாரிகள். கேமராவில் பதிவான விதிமீறலுக்கு 15 நாளில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-இல் சேர்த்த 167-ஏ விதியும் அதே மோட்டார் வாகன விதிகளில்தானே இருக்கிறது? அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டதோ? தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் வழி உண்டே என்றால், உண்டு. அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு. கவுன்டருக்கு அல்ல.

உத்தரப்பிரதேசத்தில் 2017 முதல் 2021 வரை தேங்கிய சலான்களைச் சட்டம் போட்டே முடித்தார்கள். தெலங்கானாவில் 2022-இல் இருசக்கர வாகனங்களுக்கு 75 விழுக்காடும், கர்நாடகத்தில் 2023-இல் 50 விழுக்காடும் குறைத்து வாங்கினார்கள். குற்றத்துக்கு ஆடித் தள்ளுபடியா என்று எனக்கு அதிலும் கசப்புதான். ஆனாலும் பழைய பாக்கி செல்லாக்காசு என்பது அங்கே புரிந்திருக்கிறது. இங்கேயோ, தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதை வசதியாக மறந்துவிடும் அலுவலகங்களுக்கு, குடிமகன் தர வேண்டிய ஆயிரம் ரூபாய் மட்டும் ஆண்டுக்கணக்கில் மறப்பதே இல்லை. அப்படியொரு ஞாபகசக்தி!

கெடுவுக்குள் நீதிமன்றத்துக்குப் போகாத சலான்களைப் போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் இணையப் பதிவிலிருந்து உடனே நீக்க வேண்டும். படமும் நோட்டீஸ் அனுப்பிய சான்றும் இல்லாத எதற்கும் பெயர் மாற்றத்தை நிறுத்தக் கூடாது. நான் பணம் கட்டவில்லை. வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் வாசகர்களும் எழுதிக் கொடுங்கள், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் மாற்றத்துக்குக் காத்திருக்கும் வாசகர்,
திருச்சி.