மீசையைத் தெரியும், ஸ்ரீனிவாஸைத் தெரியுமா?

வீரப்பன் மீசையை ஒரே இழுப்புல வரைஞ்சு காட்ட நம்ம வகுப்புல இருபது பேராவது தேறுவாங்க. ஆள் செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு (2004 அக்டோபர் 18, பாப்பாரப்பட்டி). நம்மள்ல பாதிப் பேர் அப்ப பிறக்கவே இல்லை. இருந்தாலும் மீசை, துப்பாக்கி, காட்டுப் பச்சை உடுப்பு எல்லாம் அத்துப்படி. சரி, பி. ஸ்ரீனிவாஸ் யாருன்னு கேட்டுப் பாருங்க. "பாட்டு பாடுவாரே, பி.பி. ஸ்ரீனிவாஸ், அவரா?"ன்னு பதில் வரும் :-)

அவர் இல்லை சாமி. இவர் கர்நாடகத்துல வேலை பார்த்த வனத்துறை அதிகாரி, ஐ.எஃப்.எஸ். படிச்சவர். வீரப்பன் பிறந்த கோபிநத்தம் ஊருக்கே போய்த் தங்கினார். மக்களுக்கு மருந்து குடுத்தார், மாரியம்மன் கோயில் கட்ட உதவினார். துப்பாக்கி காட்டி ஊரை மிரட்டுறதுக்குப் பதிலா, ஊர் நம்பிக்கையைச் சம்பாதிச்சா வீரப்பன் தானா சரணடைவான்னு நம்பினார். சரணடையறேன்னு தகவல் வந்தது. நம்பிப் போனார். 1991 நவம்பர்ல சுட்டுக் கொன்னு தலையை வெட்டினாங்க. அப்புறம் கீர்த்தி சக்ரா விருது குடுத்தாங்க. கோபிநத்தத்துல அவர் படத்தை இன்னும் கோயில்ல வச்சிருக்காங்க. வீரப்பனோட சொந்த ஊர்ல! அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச வித்தியாசம் நமக்குத் தெரியலை.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். இவ்வளவு 'கதை' இருக்குற மனுஷன் ஏன் நம்ம போஸ்டர்ல இல்லை?

காரணம் ரொம்பச் சாதாரணமானதுன்னு நினைக்கிறேன். வீரப்பன் பேசினான், ஸ்ரீனிவாஸால பேச முடியலை. காட்டுக்குள்ள நக்கீரன் எடுத்த வீடியோவை வச்சு 2023ல 'கூச முனிசாமி வீரப்பன்'னு ஒரு தொடர் வந்துச்சே, பார்த்திருப்பீங்க. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பிரமாதமாப் பேசுறான். சிரிக்கிறான், கோவப்படுறான், தன் மேல குத்தமே இல்லாத மாதிரி கதை சொல்றான். அரை மணி நேரம் பார்த்தா நம்ம பக்கத்து வீட்டு மாமா மாதிரி ஆயிடுறான். ஒருத்தன் தன் வாயால தன் கதையைச் சொல்ல, நாம எதிர்ல உக்காந்து கேட்டா, அவன் பக்கம் சாயறது மனுஷ சுபாவம். அது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா அதுக்குப் பேரு 'உண்மை தெரிஞ்சுக்கிறது' இல்லை. 1993 ஏப்ரல்ல பாலாறு பக்கத்துல கண்ணிவெடி வச்சதுல 22 பேர் செத்தாங்களே, அதுல போலீஸ் மட்டும் இல்லை, கூடப் போன ஊர்க்காரங்களும் இருந்தாங்க. அந்த 22 பேர்கிட்ட யாரும் பேட்டி எடுக்க முடியாது.

ஆட்டோ சங்கர் விஷயமும் இதே கதைதான். ஆறு கொலைக்காகத் தண்டனை வாங்கினவன் ஜெயில்ல உக்காந்து சுயசரிதை எழுதினான். அதைப் பத்திரிகை வெளியிடலாமா கூடாதான்னு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1994ல தீர்ப்பு வந்தது. இன்னிக்கும் சட்டக் கல்லூரிப் பசங்க அந்தக் கேஸைப் படிக்கிறாங்க. 1995ல சேலம் ஜெயில்ல தூக்கு. 2019ல அவன் பேர்லயே வெப் சீரிஸ். கொன்னவனுக்கு சுயசரிதை, தீர்ப்பு, சீரிஸ். அந்த ஆறு பேர்ல ஒருத்தர் பேரை யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

இப்ப வழக்கமான பதில் வரும். "போலீஸ் மட்டும் யோக்கியமா? அதிரடிப்படை பண்ணினது தெரியுமா?"

தெரியும். நல்லாவே தெரியும். மாதேஸ்வரன் மலையில 'ஒர்க்ஷாப்'னு பேர் வச்ச சித்திரவதைக் கூடம் நடத்தினாங்க. நீதிபதி சதாசிவா குழு போய் விசாரிச்சது. 2007ல தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நஷ்டஈடு குடுக்கச் சொன்னது. அதெல்லாம் நடந்தது, யாரும் மறைக்க வேண்டாம். ஆனா என் கேள்வியே அங்கதான் ஆரம்பிக்குது. அடி வாங்கினது அந்த மலையடிவாரத்துச் சனம். ஒரு பக்கம் அதிரடிப்படை "அவனுக்கு அரிசி குடுத்தியா?"ன்னு அடிச்சான். இன்னொரு பக்கம் வீரப்பன் "போலீசுக்குத் தகவல் சொன்னியா?"ன்னு கொன்னான். ரெண்டு பக்கமும் மாட்டினது அதே ஏழைங்க. அவங்க வாங்கின அடிக்கான அனுதாபத்தை மொத்தமா எடுத்து மீசைக்காரன் கணக்குல வரவு வைக்கிறீங்களே, இது என்ன நியாயம்? கொள்ளையடிச்சது சந்தனமும் தந்தமும் மட்டும் இல்லை, இந்த அனுதாபமும் திருட்டுச் சொத்துதான்.

அரசாங்கத்து மேல உண்மையிலேயே கோவம் இருக்குறவங்க வாச்சாத்தியைப் பத்திப் பேசட்டும். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20. சந்தன மரம் பதுக்கி இருக்காங்கன்னு சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஊருக்குள்ள இறங்கினாங்க. வீட்டை எல்லாம் நொறுக்கினாங்க. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை பண்ணினாங்க. ஊரையே ஜெயில்ல தள்ளினாங்க. அந்த மலைவாழ் மக்கள் என்ன பண்ணினாங்க? துப்பாக்கி எடுத்தாங்களா? யார் தலையையாவது வெட்டினாங்களா? கோர்ட்டுக்குப் போனாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெண்கள் கூண்டுல ஏறி, பெரிய பெரிய அதிகாரிங்க முகத்துக்கு நேரா விரலை நீட்டி அடையாளம் காட்டினாங்க. பத்தொன்பது வருஷம் இழுத்துச்சு. 2011 செப்டம்பர் 29ல தருமபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னப்ப, குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் செத்தே போயிருந்தாங்க. மீதி 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. மேல்முறையீடு பண்ணினாங்க. 2023ல ஹைகோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு.

அரசாங்கத்தை எதிர்த்து நின்னு ஜெயிச்ச கதை வேணும்னா இதைவிடப் பெரிய கதை நம்ம மாநிலத்துல எங்க இருக்கு? ஆனா டீ-ஷர்ட்ல போட ஒரு மீசை கூட இதுல இல்லையே, என்ன பண்ண!

"அவர் தமிழனுக்காக நின்னாரு"ன்னு இன்னொரு கோஷ்டி. 2000 ஜூலை 30ல கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திட்டுப் போய் 108 நாள் வச்சிருந்து, பெங்களூர்ல திருவள்ளுவர் சிலையைத் திறக்கணும், காவிரித் தண்ணி விடணும்னு பட்டியல் போட்டாரு. காட்டுக்குள்ள இருந்தவருக்கு ஒண்ணும் ஆகலை. பெங்களூர்ல வேலை பார்த்து, வாடகை வீட்டுல இருந்து, பிள்ளைங்களை அங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு இருந்த தமிழங்கதான் அந்த 108 நாளும் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருந்தாங்க. இதுக்குப் பேரு தமிழனுக்காக நிக்கிறதுன்னா, தயவுசெய்து எனக்காக யாரும் நிக்க வேண்டாம்.

குற்றவாளியைப் பத்திப் படமே எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்றதா யாரும் ஆரம்பிச்சிடாதீங்க. 'நாயகன்' (1987) எனக்கு உயிர். பம்பாய் வரதராஜ முதலியார் வாழ்க்கையைத் தழுவின படம்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்துல நமக்கு என்ன ஞாபகம் இருக்கு? வேலு நாயக்கர் நடை, வெத்தலை போட்ட வாய், நாலு பேருக்கு நல்லது பண்ற தத்துவம். பேரன் கேக்குற கேள்வியை எத்தனை காமெடியில கிண்டல் பண்ணியாச்சு!

ஆனா மணிரத்னம் ஒரு வேலை பண்ணி வச்சிருக்கார். வேலு ஆரம்பத்துல ஒரு இன்ஸ்பெக்டரை அடிச்சே கொல்றான், கேல்கர்னு பேரு. கெட்ட போலீஸ், செத்தா செத்துட்டுப் போறான்னு நாம கை தட்டுறோம். அப்புறம்தான் தெரியுது அவனுக்குப் பெண்டாட்டியும், மனவளர்ச்சி இல்லாத ஒரு பையனும் இருக்காங்கன்னு. வேலு அந்தக் குடும்பத்துக்குப் பண உதவி பண்றான், பையனைத் தன் கூடவே வச்சுப் பார்த்துக்கிறான். படம் முடியுறப்ப கோர்ட் விடுதலை பண்ணி, ஊரே ஆரவாரம் பண்ணி, நாயக்கர் வெளிய வர்றார். அப்பா எப்படிச் செத்தார்னு அதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்ட அந்தப் பையன் சுட்டுடறான். சட்டம் விட்டுடுச்சு, ஜனம் விட்டுடுச்சு, அவன் விடலை.

படம் நெடுக அந்தப் பையனுக்கு வசனமே கிடையாதுன்னு சொல்ற அளவுக்குக் கம்மிதான். அவன் பேர் அஜித். அந்தப் படத்தை பத்து தடவை பார்த்தவன்கிட்ட கேட்டேன், அவனுக்கும் தெரியலை.