பனையும் செந்தலை வல்லூறும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் வறண்ட வெளிகளில், நமது பனைக்கு இனமான ஒருவகைப் பனைகளை அண்டிச் சிறிய வல்லூறு ஒன்று வாழ்கின்றது. அதற்கு மிக நெருங்கிய பறவை இந்தியச் சமவெளிகளிலும் உண்டு. செந்தலை வல்லூறு என்பது அதன் பெயர். ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளம், செம்பழுப்புத் தலை, நீலச்சாம்பல் முதுகு. கூடங்குளம், இராதாபுரம் பக்கத்து மானாவாரிப் புஞ்சைகளைப் போன்ற திறந்தவெளியும், ஆங்காங்கே ஓங்கிய மரமுமே அதற்குத் தக்க வாசஸ்தலம். உலக அளவில் இது அழிவை நெருங்கிவரும் இனங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

இப்பறவை தானாகக் கூடு கட்டுவதில்லை. காகம் முதலியன உயர்ந்த மரங்களில் கட்டிய பழங்கூடுகளைக் கைக்கொண்டு, சனவரி முதல் மே வரையுள்ள காலத்தில் 3 முதல் 5 முட்டைகள் இடும். ஆகவே மரம் போயின் கூடும் இல்லை. கூடு இன்றேல் குஞ்சும் இல்லை.

இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்போர்க்கு உண்மையையே கூறுதல் வேண்டும். எலித்தொல்லையைத் தீர்க்கும் பறவை அன்று இது. சிறுபறவைகளே இதன் முக்கிய இரை. ஆணும் பெண்ணும் கூடி, ஒன்று துரத்த மற்றொன்று மடக்கிப் பிடிக்கும். புஞ்சையின் வரவுக் கணக்கில் இதன் பெயரால் பெருந்தொகை எழுத இயலாது.

ஆயின் பனையின் கணக்கு வேறு. பதநீர், கருப்பட்டி, ஓலை, நார் என்று அது தரும் வருவாய் யாவரும் அறிந்ததே. சூளைக்கு விறகாக விற்ற பனைக்கு ஒருமுறைதான் விலை. இன்று நட்ட கொட்டை பலன்தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். பனையை நம்பொருட்டே காப்போமாயின், வல்லூறு செலவின்றி உடன் வாழும்.

பனையை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கும் உரியது. எனினும் சட்டம் காகிதத்தில் நிற்கும். வரப்பில் நிற்பவர் நிலச்சொந்தக்காரரே. ஆதலின், தவிர்க்கவியலாது மரம் வெட்ட நேரினும், மே மாதம் கழியும்வரை பொறுத்து, கூடு உண்டா என்று பார்த்தபின் வெட்டுக. ஆவணி, புரட்டாசியில் வரப்போரம் பனங்கொட்டை ஊன்றுக. கிராம உத்தியோகஸ்தர்கள் புறம்போக்கு நிலத்துப் பனைகளை எண்ணி வைத்து, குறைவு கண்டவிடத்து உடனே மேலிடத்துக்கு அறிவிப்பாராயின், அதுவே பேருதவியாகும்.