வங்கிக் கடன் வழக்கு: எதிர்வாதம் செய்யவும் அனுமதி தேவை

கடன் நிலுவைக்காக வங்கி வழக்குத் தொடுத்தால் எதிர்வாதம் செய்வது கடன்தாரரின் உரிமை. ஆனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது ஆணையின்கீழ் தொடரப்படும் சுருக்கமுறை வழக்கில், அந்த உரிமையையே நீதிமன்றத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

அழைப்பாணை கிடைத்த 10 நாள்களுக்குள் கடன்தாரர் முன்னிலையாக வேண்டும். பின்னர், தீர்ப்புக்கான அழைப்பாணை கிடைத்த 10 நாள்களுக்குள் பிரமாணப் பத்திரத்துடன் அனுமதி கோர வேண்டும். தவறினால் வங்கிக்குச் சாதகமாக உடனடியாகத் தீர்ப்பு வழங்கப்படலாம். போதிய காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படும்.

விசாரிக்கத்தக்க நியாயமான எதிர்வாதம் இருந்தால் பொதுவாக நிபந்தனையற்ற அனுமதி. அதன் நேர்மையில் ஐயம் எழுந்தால் வைப்புத்தொகை அல்லது பிணையுடன் அனுமதி. எதிர்வாதமே இல்லையெனில் மறுப்பு என ஹப்டவுன் வழக்கில் 2016-இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. அனுமதி வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என 2022-இல் பி.எல். காஷ்யப் வழக்கில் தெளிவுபடுத்தியது.

எனினும், கடனின் ஒரு பகுதியை ஒப்புக்கொள்பவர் அத்தொகையைச் செலுத்தினால்தான் அனுமதி கிடைக்கும். வட்டிக் கணக்கை மட்டும் மறுப்பவருக்கும் இது பொருந்தும்.

ரூ.20 லட்சம் முதலான வங்கிக் கடன் வழக்குகள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குச் செல்கின்றன. அங்கு இத்தகைய முன் அனுமதி தேவையில்லை. எனவே, வங்கி வழக்குகளில் இந்தத் தடையைச் சந்திப்போர் பெரும்பாலும் சிறு கடன்தாரர்களே. வெறும் மறுப்பு அவர்களுக்கு உதவாது. செலுத்திய தொகைக்கான ரசீதுகளும் கணக்கு விவரங்களுமே கைகொடுக்கும்.